பிள்ளையாரின் நான்கு வால்வுகள்

வால்வை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, தம்பி. பழைய வால்வுக் கண்ணாடியில் உள்ள எழுத்து விரல் பட்டாலே உரிந்துவிடும். இதை என் மனைவி இலட்சுமிக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் அவா இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் இளம் பொலிஸ்காரர், வால்வைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பு ரேடியோவும் அம்பிளிபயரும் இந்தக் கண்ணாடிக் குழாய்களால்தான் பாடின. எங்கள் பிள்ளையார் கோயில் அம்பிளிபயரில் நான்கு இருந்தன. இங்கிலாந்தில் செய்தவை. இப்போது சீனாவில் அதே அச்சில் செய்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், வித்தியாசம் காதுக்குத்தான் தெரியும். நாகசுரம் வாசிப்பவர் மூச்சு எடுப்பது பழையதில் கேட்கும். புதியதில் வாசிப்பு கேட்கும், மனுசன் இருக்கமாட்டான். எங்கள் முரசுமோட்டை ஊரில் இதைப் பிரித்தறியும் காது என்னுடையது ஒன்றுதான். பெருமைக்குச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட வால்வுகளை வேப்பமரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கருக்குக் கொடுத்து, செருப்புத் தொலைந்த அறிவித்தலுக்கெல்லாம் பாவித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டிலும் ஒரு வால்வு அம்பிளிபயர் இருக்கிறது. கொழும்பிலிருந்து புதிய வால்வுகள் நான்கு எடுப்பித்தேன். கோயில் செயலாளர் என்பதால் ஒலிபெருக்கி அறைப் பூட்டின் ஒரு திறப்பு என்னிடம் இருந்தது. திருவிழாவுக்கு முன்பு ஒரு மத்தியானம் போய் மாற்றிப் போட்டேன். அதைக் களவு என்று எழுதுகிறீர்கள். கோயிலுக்குப் புதுசு கொடுத்துப் பழசை எடுத்தேன் என்றும் எழுதலாம்.

மற்றத் திறப்பு வீரபாகுவிடம் இருந்தது. கலவரத்தில் மலையகத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவன். கோயில் காணியில் குடியிருந்து, எங்கள் வயல்களில் வேலை செய்து, கோயில் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொண்டான். கடைசிச் சண்டையில் ஊரே ஓடியபோது, அம்பிளிபயரைப் பொலித்தீனால் சுற்றி, உமி நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கி, மடப்பள்ளிக்குப் பின்னால் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனவன் அவன். அகதி முகாமிலிருந்து திரும்பியதும், தன் வீடு நிற்கிறதா என்று பார்க்காமல் அதைத்தான் முதலில் தோண்டினான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

திருவிழாவில் புதிய வால்வுகள் பாடின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிடிபடுவேனோ என்று முதலில் பயந்திருந்தேன். பிறகு, இந்தச் சனத்துக்கு ஒன்றுமே கேட்கவில்லையே என்று ஆத்திரம் வந்தது. வீரபாகுவிடமே கேட்டேன், சத்தம் எப்படி என்று.

"முந்தி மாதிரியே கணீரெண்டு இருக்குது, ஐயா."

முந்தி மாதிரியேயாம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீர்த்தம் முடிந்தபின் நிர்வாகசபைக் கூட்டத்தில் நானே எழும்பி, "வால்வு மாறியிருக்கு, எனக்குக் கேக்குது" என்றேன். கழற்றிப் பார்த்தார்கள். கண்ணாடியில் சீன எழுத்து. சபையே என் காதை வியந்தது. உண்மையைச் சொன்னால், அது நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் திறப்பு யாரிடம் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் வீரபாகுவைப் பார்த்தார்கள். அவனுடைய பூர்வீகத்தை இழுத்து ஒரு வசைச்சொல்லும் விழுந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னவரைத் தடுக்கவும் இல்லை.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். கற்பூரத்தை ஏற்றியது நான்தான். செயலாளரின் வேலை அது.

"மண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினவன் நான். நானா ஐயா எடுப்பன்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"சத்தியம் செய்யாட்டி உன்னை என்னெண்டு நம்புறது?" என்றேன்.

உள்ளங்கையை வைத்து அணைத்தான். பொய்ச் சத்தியம் என்றார்கள். திறப்பை வாங்கிக்கொண்டு, காணியை விட்டு எழும்பச் சொன்னார்கள். அவன் மனைவி சுப்பம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, சபையில் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டு அழுதாள். இலட்சுமி தேத்தண்ணி கொடுத்தா. நான் அறைக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய வால்வுகளில்தான்.

அடுத்த கிழமை வீரபாகு வாய்க்கால் கரையில் கிடந்தான். பக்கத்தில் வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல். செத்த வீட்டுக்குக் கோயில் சார்பில் நான் போனேன். ஊர்க் கதை அடங்கட்டும் என்று வால்வுகளைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். கோயிலுக்கு டிரான்சிஸ்டர் அம்பிளிபயர் வாங்கிய சபை, சீன வால்வுகளையும் என்னிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித் தந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டேன்.

இலட்சுமி அலுமாரியை ஒதுக்கும்போது, நான்கு இருக்க வேண்டிய பெட்டியில் எட்டு இருப்பதைக் கண்டா.

"இதுகள் பிள்ளையாற்றை சாமான்தானே?" என்று கேட்டா.

ஓம் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அவா பெட்டியை அப்படியே வெளியே எடுத்தா. கோயில் சாமானைத் தூசோடு கொடுக்கக் கூடாதென்று, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் எட்டையும் துடைத்துத்தான் உங்களிடம் கொண்டுவந்து தந்திருக்கிறா. பழைய எழுத்தும் இல்லை, சீன எழுத்தும் இல்லை.

வீரபாகு தாட்டு வைத்த நான்கையும் சபைக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம் சுப்பம்மாவுக்கு. எவை என்று நான் சொன்னால் போதும். இதில் என்ன கஷ்டம்? என் காது இருக்கிறதே. நீங்கள் இங்கே எடுப்பித்த என் அம்பிளிபயரில் காலையிலிருந்து மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டேன். தெரியாமல் இல்லை, தம்பி. மின்விசிறி இரைச்சல் என்றேன், நிறுத்தினீர்கள், நன்றி. இப்போது வெளியில் அந்தப் பெண் அழுகிற சத்தம் குறுக்கே வருகிறது. அவளைக் கொஞ்சம் தள்ளிப்போய் இருக்கச் சொல்லுங்கள். இன்னுமொரு தரம் கேட்டால் சொல்லிவிடுவேன்.