தாழ்ப்பாள் இல்லாத கதவு

ராத்திரி ஒண்ணே முக்கால் மணி. நீளமா ஒரு ரோடு... ரெண்டு பக்கமும் வெறும் பொட்டல். அதுல ஒரே ஒரு பஸ் போய்க்கிட்டிருக்கு. உள்ள எல்லாரும் தூங்குறாங்க. ஒருத்தி மட்டும் தூங்கல. காலை மடக்கி, பல்லைக் கடிச்சு, முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உடம்பு வெடவெடன்னு நடுங்குது.

பேய் பிடிச்சிருக்கான்னு கேக்குறியா? இல்லடி. ஒண்ணுக்கு வருது.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கிறவங்கள்ல யாராவது வெளியூர் பஸ் ஏறுற அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதுண்டா? சொல்லுங்க பார்ப்போம். இப்ப வாய் மூடிடுச்சு பாரு. நாம எல்லாருமே நர்ஸுங்கதான், ஆனா கிட்னி வார்டு பார்க்குறவ நான் ஒருத்திதான். அடக்கி அடக்கியே வந்து படுத்த பொம்பளைங்க எத்தனை பேர் தெரியுமா? ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாதுன்னு பழமொழி சொல்லி வச்சாங்க. சொன்னது ஆம்பளையாத்தான் இருக்கணும். அடக்காம எங்க போறதுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லல பாரு.

சரி, ஹாஸ்டல்ல கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். வெளிச்சத்துல இதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கதவோரம் இருக்கிறவ கொஞ்சம் உள்ள தள்ளி வா... ஆறு பேருக்கு ரெண்டு கட்டில் போதும், இடிச்சுக்கிட்டு உக்காருங்க.

இது என்கூட வேலை பார்க்குற ஒருத்தியோட சொந்த அண்ணிக்கு நடந்தது. அவளை நாங்க ஊசின்னு கூப்பிடுவோம். அவ போடுற ஊசி வலிக்காது, பேசுற பேச்சுதான் குத்தும். சாமி இல்ல, பூதம் இல்லன்னு டாக்டர்கிட்டயே மல்லுக்கு நிக்கிறவ. அவ இதை என்கிட்ட சொல்லும்போது குரலே எழும்பல. அதனாலதான் நான் நம்புறேன்.

அவ அண்ணிக்கு நாப்பது வயசு இருக்கும். ரெண்டு பிரசவம். ரெண்டாவது சுகமா நடக்கல. அதுக்கப்புறம் அவங்களால ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்க முடியாது. வீட்டோட இருந்தா ஒண்ணும் தெரியாது, வெளிய கிளம்பினா நரகம். கல்யாணம், சாவுன்னு எதுக்கும் போகாம, திமிர் பிடிச்சவள்னு பேர் வாங்கினதுதான் மிச்சம். அன்னைக்கு உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துட்டு ஊருக்குத் திரும்பி வர்றாங்க. அந்த பஸ்ல கண்டக்டரே அவங்க புருஷன்தான். அதாவது ஊசியோட அண்ணன்.

கண்டக்டர் வீட்டு ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை இலவசப் பயணம் உண்டு. ஆனா டூட்டி நேரத்துல குடும்பத்தோட பேசிக்கிட்டு உக்காரக் கூடாது, செக்கிங் ஏறினா கேள்வி வரும். அதனால மனுஷன் பெண்டாட்டியை யாரோ மாதிரி நாலாவது வரிசை ஜன்னலோரத்துல உக்கார வச்சுட்டு, முன்னாடி போய் உக்காந்துட்டார். அவங்க பக்கத்து சீட்டு காலி.

அண்ணி காலையில இருந்தே தண்ணி தொடல. ராத்திரி பத்தரைக்கு ஒரு ஓட்டல் வாசல்ல பஸ் நின்னுச்சு. பின்னாடி போய்ப் பார்த்தா கழிப்பறைக்குப் பூட்டு. சாவி கேட்டதுக்கு, தண்ணி வரலன்னு கல்லாவுல இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமச் சொல்லிட்டார். ஆம்பளைங்க எல்லாம் ரோட்டோரமா வரிசையா நின்னுட்டு, ஆளுக்கு ஒரு சிகரெட் ஊதிட்டு ஏறிட்டாங்க. அவங்களுக்கென்ன, ஊரே கழிப்பறை. பொம்பளைங்க ஏழு பேரும் இறங்கின மாதிரியே ஏறி உக்காந்துக்கிட்டாங்க.

ஒண்ணே முக்காலுக்கு அண்ணி எழுந்து முன்னாடி போயிட்டாங்க. இனிமே ஒரு நிமிஷம்கூட முடியாது, இங்கயே மானம் போயிடும்னு புருஷன் காதுல சொன்னாங்க. சொல்லும்போதே கண்ணுல தண்ணி. ரோட்டுல நிறுத்தலாம்னா மறைவுக்கு ஒரு செடி இல்ல. பஸ் நின்னா அத்தனை ஆம்பளைங்களும் இறங்கிடுவாங்க, அது அவங்க பழக்கம். இன்னும் கொஞ்ச தூரத்துல, பயணிகளுக்குன்னு எப்பவோ கட்டின கழிப்பறை ஒண்ணு இருக்குன்னு அண்ணனுக்குத் தெரியும். அங்க நிறுத்தச் சொன்னார். அங்க நம்ம ஆளுங்க யாரும் நிறுத்துறதில்லையேன்னு டிரைவர் இழுத்தார். ஏன்னு கேட்டா அவருக்கும் தெரியல. அவருக்கு முன்னாடி ஓட்டினவங்க நிறுத்தல, அதனால இவரும் நிறுத்தல. அண்ணன் விடல, கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். பெண்டாட்டி படுற பாடு அவருக்குத்தானே தெரியும்.

பஸ் நின்னுச்சு.

அண்ணி பையை சீட்டுல நிமிர்த்தி வச்சு, அது மேல போர்வையைப் போட்டுட்டு இறங்கினாங்க. இடத்தை யாரும் பிடிச்சிடக் கூடாதுன்னு நாம எல்லாரும் செய்றதுதான்.

ஐம்பது அடி இருக்கும். செல்போன் வெளிச்சத்துல நடந்தாங்க. சார்ஜ் தீர்ற நேரம்... வெளிச்சம் மங்கிக்கிட்டே வருது. கிட்டப் போகப் போக ஒரு வாசனை. நாத்தம் இல்ல... பினாயில். இப்பத்தான் கழுவி விட்ட மாதிரி. காலடியில தரை ஈரமா இருக்கு. யாருமே நிறுத்தாத இடத்தை யார் கழுவினாங்கன்னு யோசிக்கிற நிலைமையிலயா அவங்க இருந்தாங்க?

ஒரே ஒரு கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்துல ஓட்டை. ஓட்டையில ஒரு கயிறு கட்டித் தொங்குது. பக்கத்துல ஒரு பொம்பளை நின்னுக்கிட்டிருந்தா. அண்ணியைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டா.

"நீங்க போங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிறேன்."

நமக்குப் புதுசா இது? எத்தனை பஸ் ஸ்டாண்டுல, எத்தனை ரயில்ல, முகம் தெரியாத எத்தனை பேருக்குப் பிடிச்சிருப்போம். பேர் கேக்க மாட்டோம், ஊர் கேக்க மாட்டோம். உள்ள ஒருத்தி இருந்தா வெளிய ஒருத்தி பிடிச்சுக்கணும், அவ்வளவுதான் நம்ம சட்டம். அண்ணி உள்ள போனாங்க. வாளி நிறையத் தண்ணி... மக்கு... பளிச்சுனு தரை. நிம்மதியில அழுகையே வந்துடுச்சாம்.

வெளிய வந்ததும் அந்தப் பொம்பளை கயிறை அவங்க கையில கொடுத்துட்டு உள்ள போனா. விரல் பட்டுச்சு. சில்லுன்னு... ரொம்ப நேரம் தண்ணியில ஊறிச் சுருங்கின விரல். கதவு சாத்திக்கிச்சு. அண்ணி கயிறை இழுத்துப் பிடிச்சாங்க. போன் அணைஞ்சுடுச்சு.

உள்ள மக்குல தண்ணி மொள்ளுற சத்தம்... ஊத்துற சத்தம்... மறுபடி மொள்ளுற சத்தம்.

பஸ் ஹாரன் அடிச்சுச்சு. ஆச்சாங்கன்னு அண்ணி கேட்டாங்க. ஒரு நிமிஷம்னு உள்ள இருந்து பதில் வந்துச்சு. ஹாரன் இன்னொரு தடவை. மறுபடி கேட்டாங்க. மறுபடி... ஒரு நிமிஷம்.

இந்தப் பக்கம் பஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. பஸ் நின்னதும் இறங்கின ஆம்பளைங்களை ரோட்டோரத்துல இருந்து ஏத்திட்டு வந்து அண்ணன் தலை எண்ணினார். அவர் எண்ணுறதுக்கு ஒரு முறை உண்டு. கடைசி சீட்டுல ஆரம்பிச்சு, கம்பியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டே முன்னாடி வருவார். ஆம்பளைங்க முகத்துல டார்ச் அடிப்பார். தூங்குற பொம்பளைங்க முகத்துல அடிக்க மாட்டார். அது மரியாதை இல்லன்னு இருபது வருஷமா ஒரு தடவைகூட அடிச்சதில்ல. நல்ல மனுஷன். நாலாவது வரிசையில போர்வை போர்த்தின உருவம் ஜன்னல்ல சாஞ்சிருந்துச்சு. வந்துட்டா, பாவம், அசந்து தூங்குறான்னு நினைச்சுக்கிட்டார். மொத்தம் முப்பத்தி நாலு. கணக்கு சரி. ரெண்டு விசில் கொடுத்துட்டார்.

பஸ் நகர்றதை அண்ணி பார்த்தாங்க. கத்தினாங்க. ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னு கயிறை விட்டாங்க... கதவு ஒரு விரல் அளவு திறந்துச்சு. உள்ள இருந்து, விட்டுடாதீங்கன்னு ஒரு அழுகை. பெருசா ஓலமிட்டு அழல. மானத்துக்குப் பயந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுவோமே... அந்த அழுகை. அண்ணி திரும்ப வந்து பிடிச்சுக்கிட்டாங்க. பைத்தியமா அவங்கன்னு கேக்காதே. உன்னால விட்டுட்டு ஓடியிருக்க முடியுமா, சொல்லு.

பஸ்ஸோட சிவப்பு விளக்கு சின்னதாகிக்கிட்டே போய்... இல்லாமப் போச்சு.

காலையில அஞ்சு இருபதுக்கு பஸ் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்துச்சு. எல்லாரும் இறங்கின பிறகு அண்ணன் போய், எழுந்திரும்மா, வீடு வந்தாச்சுன்னு போர்வையைத் தொட்டார். பை சரிஞ்சு கீழ விழுந்துச்சு.

அங்கயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாராம். ஊசியைக் கூட்டிக்கிட்டு ஒரு காரைப் பிடிச்சு, வந்த வழியே திரும்ப ஓடினார். போய்ச் சேரும்போது மணி ஒன்பது, நல்ல வெயில். அண்ணி அதே இடத்துல நின்னாங்க. உள்ளங்கை தோல் உரிஞ்சு கயிறெல்லாம் ரத்தம். புருஷனைப் பார்த்ததும் அழல, திட்டல. அவங்க முதல்ல சொன்னது இதுதான்.

"சத்தம் போடாதீங்க. உள்ள ஆள் இருக்காங்க."

அண்ணன் கதவைத் தள்ளினார். ஊசியும் எட்டிப் பார்த்தா. வாளி இல்ல, மக்கு இல்ல. குழியை சிமெண்ட் போட்டு மூடி எத்தனையோ வருஷம் ஆயிருக்கும். தரை காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. மூலைக்கு மூலை ஒட்டடை. அப்பத்தான்... அந்தக் காலி அறையில இருந்து அழுகை வந்துச்சு. மூணு பேருக்கும் கேட்டுச்சு. அண்ணி பாஞ்சு போய்க் கதவை இழுத்துச் சாத்தினாங்க. அழுகை நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி மொள்ளுற சத்தம்.

இழுத்துப் பார்த்தாங்க, தூக்கிப் பார்த்தாங்க. அண்ணி அசையல. கடைசியில அண்ணன், சரி, நான் பிடிச்சுக்கிறேன், நீ போய் வண்டியில உக்காருன்னார். அவங்களை அங்கேருந்து கிளப்பினாப் போதும்னு, பேச்சுக்குச் சொன்னதுதான். கயிறு அவர் கைக்குப் போனதும் அண்ணியோட விரல் தானா விட்டுச்சு. நேரா வண்டிக்குப் போய், ஒரு பாட்டில் தண்ணியை மூச்சு விடாமக் குடிச்சுட்டுத் தூங்கிட்டாங்க.

அண்ணன் வரல.

ஊசி எவ்வளவோ கூப்பிட்டா. இவங்க வெளிய வந்துடட்டும்மா, ஒரு நிமிஷம்தான்னு சொல்லிக்கிட்டே நின்னார். கடைசியில அவ பையில இருந்த கத்தரியால கயிறை அறுத்தா. ஒரு முழம் அவர் கையிலயே தங்கிடுச்சு. அதோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல அவர் பிடி தளர்ந்துச்சு, கயிறு கீழ விழுந்துச்சு. வீட்டு பாத்ரூமுக்குள்ள இருந்து... விட்டுடாதீங்க.

அதுல இருந்து ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டுக்கிட்டாங்க. ஆறு மணி நேரம் அவர், ஆறு மணி நேரம் அவங்க. நாம வார்டை ஒப்படைப்போமே, அந்த மாதிரி கைக்குக் கை மாத்திக்கிறாங்க. அண்ணன் வேலையை விட்டுட்டார். பிள்ளைங்களைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் ஒரு தடவை போயிருந்தேன். அண்ணி கையில கயிறோட சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. பக்கத்துல பாயில அண்ணன் தூங்குறார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்துல கண்ணை மூடி ஏழு மாசம் ஆச்சாம். கயிறை எரிச்சுடுங்களேன்னு வாய்விட்டே கேட்டுட்டேன்.

"எரிச்சுட்டா அவங்க எங்கம்மா போவாங்க?"ன்னு அண்ணி திருப்பிக் கேட்டாங்க.

அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோபம்கூட வரமாட்டேங்குது. அவளையும் எந்த பஸ்ஸோ தலை எண்ணிட்டு விட்டுட்டுப் போயிருக்கும். இது முடிவுக்கே வராதுங்கிறதுதான் எனக்குப் பயம். யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

இன்னைக்கு சாயங்காலம் ஊசி போன் பண்ணினா. அண்ணிக்கு மூணு நாளா காய்ச்சல், தலையைத் தூக்க முடியல. அண்ணன் விடாமப் பிடிச்சுப் பிடிச்சு மதியம் மயங்கி விழுந்துட்டார். அப்ப இருந்து கயிறு ஊசி கையிலதான் இருக்கு. அவளுக்கு இன்னைக்கு நைட் டூட்டி, லீவு கேட்டுக் கிடைக்கல. ஒரே ஒரு ராத்திரி, நீ வந்து பிடிச்சுக்கிறியாடின்னு கேட்டா. எதுக்கும் கெஞ்சாதவ... கெஞ்சினா.

நான் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. போனைக் காதுல வச்சுக்கிட்டே போய் ஜன்னலைச் சாத்தினேன். அப்போ... அவளுக்குக் கொஞ்சம் பின்னாடி... பாத்ரூம்ல பேசினா எதிரொலிக்குமே, அந்த மாதிரி இன்னொரு குரல். அவசரமே இல்லாம, ரொம்பப் பணிவா அவகிட்ட கேட்டுச்சு.

"அவங்க வர்றாங்களாமா?"