வளைவில் நின்ற பலகை

தலைமை ஏற்றிருக்கும் நம் ஆற்றுப் படகோட்டிகள் சங்கத் தலைவி பெர்னிஸ் ஷுல்ஸ் அவர்களே, ஜெபம் செய்து இக்கூட்டத்தைத் தொடங்கிவைத்த பாஸ்டர் ஹாகன் அவர்களே, மேடையில் தொப்பியை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் நண்பர் எல்டன் அவர்களே, வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்கு ஒழித்துத் தந்த தீயணைப்பு வீரர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. தெரிந்தவர்களோ, 'இவன் எதற்கு மேடை ஏறினான்?' என்று பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிக்கிறார்கள். நான் டுவெய்ன் லிண்ட். நம் மாவட்டப் பூங்காத் துறையில் பலகை நடுகிறவனாக இருபது ஆண்டுகள் இருந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன். மறைந்த மார்லிஸ் கிராபோவ்ஸ்கி அம்மையாரைப் புகழ்ந்து பேச இந்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அவரோடு பதினோரு ஆண்டுகள் சண்டை போட்டவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அவர் கணவர் எல்டன் என் வீட்டுக்கு வந்து, நான்தான் பேச வேண்டும் என்று மார்லிஸ் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் யோசித்த பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்பர்களே! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் மார்லிஸ். இந்தக் கூடத்தில் பாதிப் பேர் அவர் பேருந்தில் போய்ப் படித்தவர்கள். பின் இருக்கையில் எழுந்து நின்றவர்களுக்கு, கண்ணாடியில் தெரிந்த அந்தப் பார்வை இன்னும் மறந்திருக்காது. பனி உறைந்த சாலையில் அவர் பேருந்து ஒருமுறையாவது வழுக்கியது உண்டா? நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது உண்டா? இல்லை, ஒருமுறைகூட இல்லை!

பேருந்தை எப்படி ஓட்டினாரோ அப்படியேதான் படகையும் இறக்குவார். கயிறு அவிழ்ப்பது, தூண்டில் பெட்டியை ஏற்றுவது, எல்லாம் மேலே வண்டி நிறுத்தும் இடத்திலேயே முடிந்திருக்கும். பிறகுதான் படகைச் சுமந்த டிரெய்லர் ஆற்றுச் சரிவில் இறங்கும். ஒன்றரை நிமிடத்தில் படகு தண்ணீரில் இருக்கும். சரிவின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே துடுப்பைத் தேடுகிறவர்களை அவர் எப்படித் திட்டுவார் என்பதைப் பாஸ்டர் முன்னிலையில் நான் சொல்லப் போவதில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நம் ஆற்றுக்கு எண்பது அடிதான் அகலம். ஏரியில் எழும் அலைக்குப் பரந்து போக இடம் இருக்கிறது. நம் ஆற்றில் அது எங்கே போகும்? இந்தக் கரையில் மோதி, அந்தக் கரையில் மோதி, நேரே படகுத் துறைக்குத்தான் வரும். அங்கேதான் முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நின்று, படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் மாவட்டம் ஒரு விதி போட்டது: துறைக்கு நூறு அடிக்குள் 'மெதுவாகச் செல், அலை எழுப்பாதே' என்று பலகை இருக்க வேண்டும். நட்டேன். சுண்ணாம்புக் கோடு போட்டு, நாடா பிடித்து அளந்து, தொண்ணூற்றெட்டாவது அடியில் நட்டேன்.

இரண்டே வாரத்தில் பலகையைக் காணவில்லை. தேடிப் போனால், ஆயிரத்து இருநூறு அடி மேலே, ஆறு திரும்பும் வளைவில், பட்டுப்போன ஓக் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது! சரளை போட்டு இடித்து, நான் நட்டதைவிட நேராக நிற்கிறது. பிடுங்கி வந்து பழைய இடத்தில் நட்டேன். மறு வாரம் திரும்பவும் வளைவில் நின்றது. மூன்றாம் முறை, யார் வேலை இது என்று விசாரிக்கக் கிளம்பியபோது, மார்லிஸ் தாமே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"பலகையை எடுத்தது யாருன்னு தேடுறியாமே. நான்தான். குழி கோணலா இருந்துச்சு, சரி பண்ணி நட்டேன்."

அரசுச் சொத்து, அபராதம் என்றெல்லாம் நான் குரலை உயர்த்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் காப்பியை எடுத்துக் குடித்தபடி கேட்டார்.

"டுவெய்ன், நிறுத்தத்துல புள்ளைங்க நிக்குது. நான் அதுங்க பக்கத்துல வந்தப்புறமா பிரேக்கைத் தேடுவேன்? கால் மைல் முன்னாடியே கால் பிரேக்குல இருக்கணும்ப்பா. நீ புள்ளைங்க தலைமேல போர்டை வெச்சிருக்க."

"சட்டம் நூறடின்னு சொல்லுது, மார்லிஸ். நான் என்ன பண்ண?"

"சட்டம் சொல்லும். அலைக்குப் படிக்கத் தெரியாதே."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. படகோட்டுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாய்ந்து வரும் படகு நீரின் மேல் சறுக்கி வருகிறது, அதன் அலை சிறியது. ஓட்டுகிறவர் துறைக்குப் பக்கத்தில் வந்து, பலகையைப் பார்த்து, நல்ல மனதோடு வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறார். அங்கேதான் வினை! மூக்கு மேலே தூக்கும், பின்பக்கம் அமிழும், ஏர் பூட்டி உழுகிற மாதிரி ஆற்றையே புரட்டிக்கொண்டு வரும். முழுக்க நிறுத்தினாலோ, பின்னால் வந்த சொந்த அலை படகைத் தாண்டி அவருக்கு முன்பே துறைக்குப் போய்ச் சேரும். பாதி மரியாதை என்பது அரைக்கிணறு தாண்டுவது. அடங்க வேண்டும் என்றால் வளைவிலேயே அடங்க வேண்டும். இதை மார்லிஸ் அன்றைக்கே கண்டார். நானும் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டும் போய்ப் பலகையைப் பிடுங்கி நூறடிக்குள் நட்டேன்.

பதினோரு வசந்தம்! பனிக்கட்டி உருகியதும் நான் நடுவேன், அவர் நகர்த்துவார், நான் திரும்ப நடுவேன். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் எங்களிடம் வந்து பாடம் கேட்கலாம். சில நாள் கம்பத்தில் ஒரு ரொட்டிப் பை தொங்கும். உள்ளே அவர் சுட்ட கசகசாக் கேக்கும், 'இந்த வருஷமும் ஆழம் பத்தாது' என்று ஒரு சீட்டும் இருக்கும். கேக்கைத் தின்றுவிட்டுத்தான் பலகையைப் பிடுங்குவேன். வெட்கமில்லாதவன் நான்.

பன்னிரண்டாம் ஆண்டு நான் வென்றேன்.

இரண்டு மூட்டை கான்கிரீட் வாங்கிப் போய், தொண்ணூற்றெட்டாவது அடியில் கம்பத்தை ஊன்றிக் கொட்டினேன். அது வெள்ளிக்கிழமை. மறுநாள் மீன்பிடிக் காலம் திறக்கும் சனிக்கிழமை. வேடிக்கை பார்க்கவே துறைக்குப் போனேன். மார்லிஸ் கம்பத்தை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஒரே பெருமை.

பத்து மணிக்கு, வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய படகில் வந்தார். நல்ல மனிதர். பலகையைக் கண்டதும், அது சொன்ன இடத்திலேயே வேகத்தைக் குறைத்து, துறையில் நின்றவர்களுக்குக் கைகூட அசைத்தார். பின்னாலேயே அலை வந்தது. எல்டன் வண்டியில் இருந்தார். மார்லிஸ் தண்ணீரில் நின்று தங்கள் படகை டிரெய்லரில் சேர்த்துக்கொண்டிருந்தார். அலை படகைத் தூக்கியது. தூக்கி, அவருடைய வலக்கை மேலேயே, டிரெய்லரின் இரும்புத் தூணோடு வைத்து நசுக்கியது.

இரண்டு விரல்கள் போயின. மருத்துவச் சோதனையில் அந்தக் கை தேறவில்லை. பேருந்தும் போயிற்று. ஓய்வுக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள் இருந்தன.

துறையில் துணியைக் கையில் சுற்றியபடி அவர் உட்கார்ந்திருந்தார். அந்த வெளியூர்க்காரர் மண்டியிட்டு அழுதார். அவரிடம் மார்லிஸ், "அழாதீங்க. நீங்க தப்பு பண்ணலை. போர்டு சொன்ன இடத்துலதான் குறைச்சீங்க" என்றார். நான் எட்டடி தூரத்தில் நின்றிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு விசாரணை வந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பலகை எங்கே இருந்தது, யாராவது முன்பே எச்சரித்தார்களா என்று கேட்டார்கள். 'பதினோரு வருஷமா டுவெய்ன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்' என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால், அன்று மாலையே என் வேலை போயிருக்கும். சொன்னாரா? பலகை விதிப்படிதான் இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நானும் வாயைத் திறக்கவில்லை. விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று எழுதி மூடினார்கள். பதினோரு ஆண்டுகளாக நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். இல்லை, என் மக்களே! அந்தக் கான்கிரீட்டைத் தெரிந்தே கொட்டியவன் நான். இன்று எல்லோர் காதிலும் விழட்டும்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒரு மாதம் கழித்து அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தவர் சொன்னார்: "உன்னைத் துரத்திட்டா, அடுத்து வர்றவனுக்கு முதல்லேருந்து பதினோரு வருஷம் சொல்லணும். எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல. உள்ள வா, ஆறிடப் போகுது காப்பி."

அதன் பிறகு விதியை மாற்றச் சொல்லி மூன்று முறை மனு எழுதினேன். மூன்று முறையும் ஆய்வில் இருப்பதாகப் பதில் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நானும் துணிந்தேன். கான்கிரீட்டை உடைத்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பலகையை நூறடிக்குள் நட்டு, அலுவலகத்துக்காகப் படம் எடுத்துவிட்டு, கம்பத்தைச் சும்மா மண்ணில் செருகிவிட்டு வருவேன். எட்டு விரல்களால் அவர் அதைச் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போவார். எட்டு ஆண்டுகள் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் நம் துறையில் ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். போன ஆண்டு, பலகை அடிக்கடி நகர்வதைக் கண்ட மாவட்டம் அதை மறுபடி கான்கிரீட்டில் நட்டது. மார்லிஸ் அப்போதே நோயாளி. கடப்பாரையோடு வந்து இரண்டு முறை நெம்பிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க டிரெய்லர் மேல் உட்கார்ந்துவிட்டார் என்று எல்டன் சொன்னார். விட்டாரா? பலகை வராவிட்டால் என்ன, தாமே போனார்! கோடை முழுக்க, சனிக்கிழமை தோறும், தம் பதினான்கடி படகை அந்த வளைவில் கரையோரம் நங்கூரமிட்டு உட்கார்ந்தார். தலையில் கம்பளிக் குல்லாய். மூன்று விரல் வலக்கையில், ஏழாம் எண் பேருந்தில் வைத்திருந்த சிவப்பு 'நில்' பலகை. பாய்ந்து வந்த படகெல்லாம் அங்கே அடங்கின. திமிர் பிடித்த பையன்கள்கூட அடங்கினார்கள், அவர்களில் பலர் அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே! மருந்து ஏற்றிக்கொண்ட மறுநாளும் அவர் வந்தார். இப்படி ஒருவர் நம் ஆற்றில் இருந்தார்.

வரும் சனிக்கிழமை மீன்பிடிக் காலம் திறக்கிறது. பெர்னிஸ் தலைமையில் நம் சங்கம் மார்லிஸ் பெயரில் ஒரு பெஞ்சு போடப் போகிறது. நல்லது, போடுங்கள். ஆனால் வளைவில் யார் இருப்பார்? அன்று காலை தண்ணீரில் நின்று படகு ஏற்றும் நம் பிள்ளைகளின் கைகளுக்கு யார் பொறுப்பு? நாம்தான்! ஓக் மரம் கண்ணில் பட்டதும் எஞ்சினை முழுக்க அடக்குவோம், பாதி மரியாதை செய்ய மாட்டோம் என்று, கையில் சாண்ட்விச் இருந்தாலும் அதை மாற்றிப் பிடித்து, வலக்கையை உயர்த்தி இங்கேயே உறுதி சொல்லுங்கள்.

நன்றி. கையை இறக்கலாம்.

என்னை ஏன் பேசச் சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அந்த வளைவில் எந்த இடத்தில் சரளை இருக்கிறது, எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது அவருக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் வரிசையில், என் பழைய வேலையில் இப்போது இருக்கும் கெய்ல் உட்கார்ந்திருக்கிறார். கெய்ல், இன்று காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்தக் கான்கிரீட்டைத் தோண்டினேன். என் முதுகைக் கேட்டால் சொல்லும். பலகை வளைவில் நிற்கிறது. எடுத்தது யார் என்று நீ தேடி அலைய வேண்டாம், விசாரணை வைத்தாலும் வருகிறேன். நான்தான். குழி கோணலாக இருந்தது, சரி பண்ணி நட்டேன்.