கலங்கல் அளவு

அயிரை மீனைப் பிடிப்பதைவிட எண்ணுவதுதான் கஷ்டம். மணலோடு மணலாகக் கிடக்கும், கையில் எடுத்தால் வழுக்கும். பதினோரு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. கல்லூரியில் விலங்கியல் துறைக்கு உதவியாளன். பேராசிரியர் ஹரிநாராயணன் வலையோடு ஆற்றில் இறங்குவார். நான் கரையில் மீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீரின் அளவுகளைச் சத்தமாகச் சொல்லி, நோட்டிலும் எழுதுவேன். அவர் வெள்ளத்தில் போனதை விபத்து என்று எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். அது சரியில்லை இன்ஸ்பெக்டர் அய்யா. எழுதுவது சரியாக இருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, பங்குனி மாதம். பண்பொழியில் எங்கள் தெருவை ஒட்டிப் போகும் வாய்க்காலில் மீன் கணக்கெடுத்தோம். கெண்டையும் அயிரையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. யாரோ மீன் பிடிக்க, வயலுக்குப் போடும் குருணை விஷமருந்தைக் கொட்டியிருக்கிறான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“சார், தண்ணில மருந்து கலந்திருக்கு. ஊர்ல சொல்லிருவோமா?” என்றேன்.

“உம்ம அபிப்பிராயத்தை யார் கேட்டா ஆவுடைநாயகம்? மீட்டர் சொல்றதை மட்டும் சொல்லும்.”

மீட்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. மருந்தைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. ஆக்ஸிஜன் சரி, உப்பு சரி. ‘நீர் நன்று’ என்று அவர் சொன்னார், நான் எழுதினேன்.

சாயங்காலம் என் மகள் இசக்கிசெல்வி, “யப்பா, வாய்க்கால்ல குளிக்கப் போகட்டா?” என்று கேட்டாள். ஏழு வயது.

“போ தாயி, நல்ல தண்ணின்னுதான் எழுதிருக்கு” என்றேன்.

வாய் நிறையத் தண்ணீரை மொண்டு பீய்ச்சி விளையாடுவாள். அன்றும் அப்படித்தான். இருட்டுமுன் வாந்தி எடுத்தாள். தென்காசி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஆட்டோவிலேயே, என் மடியிலேயே முடிந்துவிட்டது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். ஆனாலும் அவளைக் கொன்றது அவர் வார்த்தைதான். அதில் எனக்குக் குழப்பமே கிடையாது.

பதினாறாம் நாள் துக்கம் விசாரிக்க வந்தார். காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, “நம்ம ரீடிங்ல தப்பே இல்லை ஓய், எல்லாம் நார்மல்” என்று என் தோளைத் தட்டினார். ஆறுதல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. இந்த ஆள் சாக வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். வேலையை விடவில்லை. அவர் வலையை அலசிக் காயப்போட்டேன், பையைச் சுமந்தேன். பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம், ஐப்பசியில், ஊருக்கு மேலே மலையோடையில் இறங்கினார். வெயில் அடித்தது. மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது.

“கலங்கல் நாற்பதைத் தாண்டினா உடனே சொல்லும், ஏறிடறேன்” என்றார். தெளிந்த தண்ணீரில் அது நாலு, ஐந்துதான் காட்டும்; மேலே மழை பெய்து வெள்ளம் கிளம்பினால் விறுவிறுவென ஏறும்.

முதலில் அயிரைகள் ஒதுங்கின. கூட்டமாக வந்து கரைப்பாறையில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தன. பிறகு ஒன்றிரண்டு சருகு, கொஞ்சம் நுரை. ஓடையின் சத்தம் கனத்தது. எங்கள் பக்கத்தில் மாடு மேய்ப்பவனுக்குக்கூட இதற்கு அர்த்தம் தெரியும். அவர் மலைக்கு முதுகைக் காட்டி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றார்.

“என்ன ஓய், இன்னிக்கு வலைல அயிரை ஒண்ணுகூட இல்லையே?”

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அது என் அபிப்பிராயம் ஆகிவிடும்.

“சரி, கலங்கல் எவ்வளவு?” என்று கேட்டார்.

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இன்னும் நாலு எட்டு உள்ளே நடந்தார். தண்ணீர் செக்கச்செவேல் என்று மரக்கிளையோடு வந்தபோது அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். நிறைவாக இருந்தது அய்யா, மறைக்க ஒன்றுமில்லை.

நோட்டு உங்கள் மேஜையில் இருக்கிறது. கடைசி வரியில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கும். மீட்டர் அதைத்தான் காட்டியது. பதினோரு வருஷத்தில் நான் நோட்டில் ஒரு பொய்கூட எழுதியதில்லை. அவரிடம்தான் நாலு என்று சொன்னேன்.