புளி மூட்டை சைக்கிளுக்கு பிரேக்

பிள்ளைகளே, பொம்மிடியிலிருந்து கடத்தூர் போகும் பஸ்ஸில் என் பின்சீட்டில் இரண்டு பேர் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, சைக்கிள் பாருல புளி மூட்டைய வச்சு மலையெறக்கத்துல வர்றேன். சைக்கிளுக்கு ராடு பிரேக்கு நல்லதுங்களா, ஒயர் பிரேக்குங்களா?"

"ராடு போடு. ஒயரு அறுந்தா கதை முடிஞ்சுது. ஆமா, இத்தன நாளா எப்பிடிடா நிறுத்துன?"

"எம் பொண்டாட்டி பின்னால குந்திக்குவாளுங்க. டயர் செருப்புக் கால ரோட்டுல தேய்ப்பா, நின்னுரும்."

"அடப்பாவி! இப்ப மட்டும் பிரேக்கு எதுக்கு?"

"அவளுக்கு ஆறு மாசங்க."

என் முன்சீட்டிலிருந்த கர்ப்பிணிப் பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"ரெண்டு சக்கரத்துக்கும் போடச் சொல்லுங்கண்ணா. ஒண்ணுக்கு மட்டும் போட்டா, இன்னொண்ணுக்கு மறுபடியும் என்னையேதான் குந்த வப்பாரு."