வளைமேட்டுல கிழக்க தோண்டுங்க

அங்கன ஏறாதிய, முள்ளு. இப்பிடிக் கிழக்க வாங்க தம்பி. தொல்லியல்ல இருந்தா? சரிதான். இந்த வளைமேட்ட எந்தக் காலத்துல யாரு குவிச்சாவன்னு கண்டுபிடிக்க வந்த நாலாவது ஆளு நீங்க. பக்கத்துத் தோட்டம் எங்களுது, அதனால எல்லாரும் முதல்ல இந்தப் பாக்கியவதி வாசல்லதான் வந்து நிக்காவ.

ஜாஸ்பர் வாத்தியாரு வந்தாரு. பாண்டியன் கோட்டையாம். குதிரை எங்கன ஏறுச்சு, யானை எங்கன நின்னுச்சுன்னு கூட இருந்து பாத்த மாதிரி சொல்லுதாரு. ஆட்டு வேலிக்கு நாங்க போட்ட கல்லைத் தடவிப் பாத்து கண்ணு கலங்குதாரு, கோட்டி புடிச்ச மனுசன். பெறவு ஆத்தங்கரை அக்ரகாரத்துல இருந்து வைத்தி. ரிஷிகள் யாகம் பண்ணுன எடமாம். ஒரு பொட்டலம் சாம்பல மடியில கட்டிக்கிட்டுப் போனாரு. அது நான் பனையோலை எரிச்ச சாம்பல். மூணாவதா ஒரு பேராசிரியரு. பழைய கொளத்துக்கரைன்னு பொஸ்தகமே போட்டுட்டாரு. இந்த ராதாபுரம் காட்டுல குடிக்கவே தண்ணி இல்ல, கொளமாம் கொளம்.

அதெல்லாம் அவிய மூளையில உதிச்சதுன்னா நெனச்சிய? கோட்டைன்னவருகிட்ட, மழை பெஞ்சா கிழக்க ஈட்டி மொனை வெளிய வரும்னேன். யாகம்னவருக்குக் கிழக்கதான் சாம்பல்னேன். கொளம்னவருக்கு மடை இருந்ததும் கிழக்கன்னேன். இம்புட்டுப் படிச்சும் ஒரு மூதியாவது மேற்க என்ன இருக்குன்னு கேக்கணுமே. சொன்ன எடத்துல தோண்டிட்டு, பதனியும் குடிச்சிட்டுப் போயிட்டாவ.

நீங்க என்னன்னா, சொல்லச் சொல்ல மேற்க போயி கம்பிய எறக்குதிய. என்ன, அங்கன மட்டும் மண்ணு எளக்கமா இருக்கா? யாரோ வெட்டி மூடுன மாதிரியா?

வெட்டுனதுதான். ராசா வெட்டல, எங்க வீட்டுக்காரரு வெட்டுனாரு. முப்பத்தாறு வருசமாச்சு. பொறந்து நாலே நாளு, ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள போயிட்டா. சபையில பேரு எழுதாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னுட்டாவ. லில்லின்னு நாங்க ரெண்டு பேருதான் கூப்பிட்டோம். இப்ப அவரும் இல்ல.

அந்தக் கம்பிய எடுத்துருங்க தம்பி. கெவருமெண்டு உத்தரவு, வெட்டித்தான் ஆவணும்னா, நாளைக்கு என்னையும் கூப்பிடுங்க. கடப்பாரை வேண்டாம். நானே கையால பையப் பைய அவள எடுத்துக்கிடுதேன்.