கிரவுண்டு வேணும்னு எழுதுங்க

நடுங்க சார், அங்கனதான். தைரியமா குச்சிய நடுங்க. செருப்ப மட்டும் கழட்டிருங்க. இல்லன்னா மேல வீட்டு இராசாத்தி அங்கருந்தே கத்துவா, பேச்சித்தாயி எல்லைக்குள்ள செருப்புக்காலான்னு. போன தடவ வந்த இஞ்சினியரு பாவம், பூட்ஸு கயித்த அவுத்து முடிக்கிறதுக்குள்ள மழ பிடிச்சுக்கிருச்சு. பாதி அளந்ததோட போயிட்டாரு.

நானா? எம்பேரு வடிவு சார். இந்த யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல கூட்டிப் பெருக்குற சோலி. இருவது வருசமாச்சு. இந்தக் கோயிலுக்கு வெளக்குப் போடுறதும் நாந்தான். வெள்ளனே சாமி, அப்புறம் குப்ப. ரெண்டுக்கும் ஒரே கைதான்.

ஒங்க ஆளுக ரெண்டு பேரும் பெருமாள்மலைக்கு டீ குடிக்கப் போயிட்டாங்க. வெரசா வரமாட்டாங்க, அங்க பஜ்ஜி போடுற நேரம். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன், கோவிச்சுக்காதீங்க. இங்க கிரவுண்டு போடலாமா வேணாமான்னு நீங்க எழுதிக் குடுக்குறதுதான் கடைசின்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. அதக் கேட்டதுலருந்து எனக்கு வேற சோலி ஓடல.

வேணும்னு எழுதுங்க சார்.

மீட்டிங் வச்சாங்கல்ல, நான் டீத்தட்ட வச்சுக்கிட்டு அங்கதான் நின்னேன். ஒரு வாத்தியாரு சொல்றாரு, லைப்ரரி கூரை ஒழுகுது, அத மொதல்ல பாருங்கன்னு. ஒழுகுறது நெசந்தான், வாளி வைக்கிறவளே நாந்தான். இன்னொருத்தரு, எட்டு மாசம் மழையும் மஞ்சுமா கெடக்குற ஊர்ல எவன் ஓடப்போறான்னாரு. ஒரு மேடம், நாம கிரவுண்டு போட்டா காட்டெருமதான் வந்து மேயும்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. எருமைக்குத் தெரியும் சார், சமமா இருக்குற எடம் எதுன்னு.

யாரும் அநியாயமாப் பேசல. அதான் கஷ்டம். ஒவ்வொருத்தரு சொல்றதும் ஞாயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மேசையச் சுத்தி இருந்தவங்க வீட்டுப் பிள்ள ஒண்ணுகூட ரோட்ல ஓடல.

ஆமா, ரோட்லதான். வேற எங்க ஓடுறது? எம்மக தமிழ்மதி ஓடுனா. பி.காம் படிச்சா, இங்கயேதான். எங்க லயத்து வரிச வீடுகள்லருந்து இந்த கேட்டுக்குள்ள படிக்கன்னு போன மொதப் பிள்ள. நானூறு மீட்டரு ஓடுவா. நானூறுன்னா ஒரு சுத்தாம் சார், கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கணுமாம். இந்த மலையில அப்பிடி சுத்து எங்க இருக்கு? இங்கிட்டு பாற, அங்கிட்டுப் பள்ளம். ரோடு வளையும், ஆனா சுத்தி வராது. போனா போனதுதான்.

காய்கறி லாரி எறங்குற நேரத்துலதான் அவளும் ஓடுவா. வளைவு வந்தா ரெண்டு கையையும் தட்டிக்கிட்டே போவா, மஞ்சுக்குள்ள லாரிக்காரனுக்குக் கேக்கட்டும்னு. நான் அடுப்பு பத்த வச்சுக்கிட்டே காது குடுத்துக்கிட்டு இருப்பேன். தட்டு நிக்கும். அடுத்த வளைவுல கேக்கும். நிக்கும். கேக்கும். அதக் கேட்டுக்கிட்டேதான் உல வைப்பேன்.

அவ மொத வருசம் படிக்கையில இதே எடத்துல கிரவுண்டு வாரதா இருந்துச்சு சார். எட்டு வருசத்துக்கு முன்ன. பிளானெல்லாம் போட்டு, எல்லக்கல்லு நட ஆபீசருங்களும் வந்துட்டாங்க. வந்து பாத்தா கோயிலு. இந்தக் கோயிலுதான். அன்னிக்கோட நின்னுபோச்சு. அதுக்குப் பெறகுதான் வேன் வச்சாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு, பழனி ரோட்ல கீழ எறங்கி, பாலசமுத்திரம் பக்கத்துல ஒரு மைதானத்துல ஓடிட்டு, பொழுதுக்குள்ள மேல வரணும். போக ரெண்டரை மணி, வர மூணு மணி. ஓடுறது ஒரு மணி நேரம். பாதிப் பிள்ளைக வாந்தி எடுத்துக்கிட்டே வந்து எறங்கும். அந்த வேனக் கழுவுறதும் நாந்தான்.

அடுத்த வருசம் ஆவணியில, ஒரு செவ்வாக்கெழம. மழ இல்ல. மஞ்சு இல்ல. டிரைவரு நல்ல மனுசன், ஒரு சொட்டு குடிக்கமாட்டாரு. எதுக்க ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்குனாரு. ஓரத்துல மண்ணு எளகிக் கெடந்துருக்கு. மூணு பிள்ளைக. ஒண்ணு எம்பிள்ள.

இருக்கட்டும் சார். நீங்க என்ன செய்வீங்க. ஒக்காருங்க. அந்தக் கல்லு ஈரம், இங்கிட்டு ஒக்காருங்க.

என்னது? புது பஸ்ஸா? பெரிய பஸ்ஸு, அனுபவசாலி டிரைவரு. அதத்தான் எழுதப்போறீங்களா? கிரவுண்டுக்குப் பதிலா பஸ்ஸு.

வேணாம் சார். பஸ்ஸு வேணாம். எவ்வளவு பெரிய பஸ்ஸா இருந்தாலும் அதே ரோட்லதான போகும்.

எடம் நல்லாத்தான் இருக்குங்கிறீங்க. சரிவு கம்மி, மண்ணு வெட்டுறதும் கம்மி. கோயிலு மட்டும் நடுவால இருக்கு. ஆமா, நட்டநடுவாலதான் இருக்கு. நகத்த முடியாதான்னு என்னையா கேக்குறீங்க? அழகரக் கேளுங்க, எங்க ஊருத் தலைவரு. வைகாசியில கும்பாபிசேகம் வச்சிருக்காரு. கலசம் செய்யக் குடுத்தாச்சு. எத்தன வருசத்துக் கோயிலுன்னு கேட்டா, அவுக தாத்தா கனவுல பேச்சி வந்து சொன்ன கதையச் சொல்லுவாரு. அவுக தாத்தா இந்த மலையப் பாத்ததே இல்ல சார். சிலோன்ல தேயிலைத் தோட்டத்துலயே போய்ச் சேந்துட்டாரு.

நாங்கல்லாம் அங்கருந்து வந்தவங்கதான். எனக்கு நாலு வயசு. எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லுவாரு, தோட்டத்துல ஒருத்தன் வந்து அளந்தான், பேரு எழுதுனான், ஒண்ணும் ஆகாது பயப்படாதீங்கன்னான், பெறகு கப்பல்ல ஏத்திட்டான்னு. அந்த ஒண்ணும் ஆகாதுங்கிற சொல்லு இருக்கே, அதக் கேட்டாலே எங்க சனம் சட்டிபானையக் கட்ட ஆரம்பிச்சிரும். இங்க எங்களுக்குன்னு கெடச்சது நாலு வரிச வீடும், பொறத்தால இந்தச் சரிவும்தான். பீன்ஸு போடுவோம், பூண்டு போடுவோம். பட்டா கெடையாது. எட்டு வருசத்துக்கு முன்ன ஆபீசருங்க வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, சரிவு மட்டுந்தான்னாங்க.

அவங்க நெசமாத்தான் சொல்லிருப்பாங்க. இப்பத் தெரியுது.

தமிழ்மதிக்கு அன்னிக்கு அப்பிடி ஒரு சந்தோசம். அம்மா, நம்ம வீட்டுக் கொல்லையிலயே கிரவுண்டும்மா, நான் பல்லு வெளக்கிக்கிட்டே ஓடுவேன்னா. நான் ஏசினேன். வீடு போனா எங்கடி பல்லு வெளக்குவன்னேன்.

மறுநாள் விடியக்கருக்கல்ல, நாலடிக்கு முன்னால இருக்குறது தெரியாத மஞ்சு. எங்க வீட்டுல துணி தொவைக்கிற கல்லு ஒண்ணு கெடந்துச்சு. எங்கப்பா ஓடையிலருந்து கொண்டாந்து போட்டது. அத ஒரு கோணிச்சாக்குல பொரட்டி வச்சு, இந்தச் சரிவுல இழுத்துட்டு வந்தேன். கீழ்முகமா இழுக்கிறதுல என்ன, ஒத்த ஆளே இழுத்துறலாம். நட்டக்குத்தா நிறுத்தி, சின்னச் சின்னக் கல்ல அண்டக் குடுத்து, மஞ்சளப் பூசி, குங்குமம் வச்சு, எஞ்சேலையில செவப்பா இருந்த ஓரத்தக் கிழிச்சுச் சுத்திவிட்டேன். எலுமிச்ச கெடைக்கல. பக்கத்துல கெடந்த பிளம்ஸ் பழத்த வச்சேன்.

சிரிங்க சார், பரவால்ல. நானும் அன்னிக்கு சிரிச்சேன்.

பத்து மணிக்கு ஆபீசருங்க வந்தாங்க. அதுக்குள்ள அழகரு பாத்து, பேச்சித்தாயின்னு பேரு வச்சு, சனமெல்லாம் கூடிருச்சு. பெரிய ஆபீசரு பூட்ஸக் கழட்டிட்டு, துண்ணூறு வாங்கிப் பூசிக்கிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். ஒரு பிளான நிறுத்த அவ்வளவுதான் வேணும்.

அழகர்கிட்ட சொல்லாம இருப்பேனா? பிள்ளையப் பறிகுடுத்த முப்பதாம் நாளு கூட்டத்துல வச்சே சொன்னேன். இது என் தொவைக்கல்லு, எடுத்துப் போடுங்க, கிரவுண்டு வரட்டும்னு கத்துனேன். என்ன செஞ்சாங்க தெரியுமா? இராசாத்தி வேப்பெலைய எங்கையில குடுத்து, எந்தாயி வந்துட்டா வந்துட்டான்னு எங்கால்லயே விழுந்தா. அழகரு நெதானமாச் சொன்னாரு, தொவைக்கல்லா வந்து ஒங்க வீட்டு அழுக்கெல்லாம் வாங்கிக்கிட்டா பாத்தியா வடிவு, அதான் சாமிங்கிறதுன்னு. அந்த மாசமே அடியில சிமெண்டு போட்டுட்டாங்க. வெளக்குப் போடுற வேலைய எனக்கே குடுத்துட்டாங்க.

ஒங்க கையில பேனா இருக்கு. எழுதுங்க. வெறுங்கல்லு, நாந்தான் வச்சேன், வடிவு சொன்னான்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்.

எழுதமாட்டீங்க. தெரியும். எவனும் எழுதமாட்டான்.

நான் கல்லு வச்ச அன்னிக்குக் காலையில தமிழ்மதி ஓடிட்டு வந்து, நனைஞ்ச டவுசரத் தொவைக்கணும்னு கல்லத் தேடுனா சார். அம்மா, கல்லு எங்கன்னு கேக்கவே இல்ல. புல்லு மடங்கிக் கெடந்த தடத்தப் பாத்துருக்கா. அது வழியாவே எறங்கி, டவுசரக் கையில பிடிச்சுக்கிட்டே கூட்டத்துக்குள்ள வந்து நின்னா. கல்லப் பாத்தா. மஞ்சளுக்கு அடியில, மேல்மூலையில ஒரு சில்லு போயிருக்கும், அவ சின்னப்பிள்ளையில ஆணி வச்சு அடிச்சது. அதயும் பாத்தா. என்னையப் பாத்தா. ஆபீசரு அவளுக்குப் பக்கத்துலதான் நிக்கிறாரு. ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சுருக்கும்.

டவுசர இடுப்புல சொருகிக்கிட்டு, ரெண்டு கையயும் கூப்பிக் கும்பிட்டா.

அதப்பத்தி எங்கிட்ட ஒரு நாளும் பேசல. வேன் ஏறப்போறப்பல்லாம், மத்த பிள்ளைக வந்து துண்ணூறு பூசுறப்ப, இவளும் வந்து நெத்திய நீட்டுவா. அந்தச் செவ்வாக்கெழமையும் எங்கையாலதான் பூசிட்டுப் போனா. ஆஸ்பத்திரியில பாக்குறேன், எல்லாம் போயிருச்சு, அது மட்டும் அழியாம இருந்துச்சு.

அந்தா ஒங்க ஆளுக வந்துட்டாங்க. அளக்குற மிஷின மடக்கிட்டீங்களா? இருட்டுறதுக்குள்ள கீழ எறங்கிருங்க சார், பழனி ரோட்ல இப்ப மண்ணு சரியில்ல.

என்ன சார், கைய நீட்டுறீங்க?

இவ்வளவு சொன்னதுக்கப்புறமுமா?

இந்தாங்க. பூசிக்கங்க.