ஒரு குறையும் இல்லீங்க

அப்பா: ...சொன்னேனே, நல்லபடியாத்தான் பேசினேன்.

மகள்: நல்லபடியான்னா? அவங்க என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க? வரிசையா சொல்லுங்கப்பா.

அப்பா: உள்ள நாலு டாக்டருங்க. நடுவுல ஒரு டாக்டரம்மா. உட்காருங்கன்னாங்க. உட்கார்ந்தேன்.

மகள்: சரி.

அப்பா: நாற்காலி கொஞ்சம் ஆடிச்சு.

மகள்: அப்பா!

அப்பா: ஸ்க்ரூ லூஸு. கையில ஒரு ஸ்பேனர் இருந்திருந்தா...

மகள்: நாற்காலியை விடுங்க. என்ன கேட்டாங்க?

அப்பா: என்ன வேலைன்னாங்க. லிஃப்ட் மெக்கானிக்னேன். எத்தனை பசங்கன்னாங்க. ஒரே பொண்ணு, உங்க காலேஜ்லதான் டாக்டருக்குப் படிக்குதுன்னேன்.

மகள்: அது அவங்களுக்குத் தெரியாதா? அப்புறம்?

அப்பா: அப்புறம்... வீட்டு நிலைமை எப்படின்னு கேட்டாங்க.

மகள்: ம்.

அப்பா: ஒரு குறையும் இல்லீங்கன்னேன்.

மகள்: என்னது?

அப்பா: ஏன் அப்படி முழிக்கற?

மகள்: திரும்பச் சொல்லுங்க.

அப்பா: வாய்ல வந்துடுச்சு பாப்பா! யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லிப் பழக்கம்? எப்படி இருக்கீங்கன்னா, ஒரு குறையும் இல்லீங்க. காய்ச்சல்ல படுத்திருந்தப்பக்கூட உன் டாக்டர் ஃப்ரெண்டுகிட்ட அதைத்தானே சொன்னேன்?

மகள்: உதவித்தொகை கேட்டு வந்துட்டு ஒரு குறையும் இல்லைன்னு சொன்ன ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். பந்தியில உட்கார்ந்துட்டு பசிக்கலைன்னு சொன்ன மாதிரி.

அப்பா: சரி... விடு...

மகள்: எப்படி விடறது? வீட்ல எத்தனை தடவை ஒத்திகை பார்த்தோம்? கம்பெனியில சம்பளத்தைக் குறைச்சதைச் சொல்லணும், மூணு வருஷமா கட்டினதுக்கு அம்மா நகை, உங்க வண்டி எல்லாம் போனதைச் சொல்லணும், இனி ரெண்டு வருஷம் கட்ட வழியில்லைன்னு சொல்லணும்...

அப்பா: ஒத்திகையில நல்லாத்தான் வந்துச்சு. உள்ள போனா நாலு மூக்குக்கண்ணாடியும் என்னையே பார்க்குது. நாலு பேர் முன்னாடி இல்லைன்னு சொல்ல நாக்கு புரளலை.

மகள்: கௌரவம்!

அப்பா: கௌரவமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பழக்கதோஷம்.

மகள்: அப்புறமாவது சமாளிச்சீங்களா?

அப்பா: ஏதோ சொன்னேன்.

மகள்: ஏதோன்னா?

அப்பா: ஞாபகம் இல்ல... இந்த லிஃப்ட் போடற சத்தம் கேக்குதா? நிக்கும்போது ஒரு முனகல். ரோலர் தேய்ஞ்சிருக்கு.

மகள்: பேச்சை மாத்தாதீங்க. இதை உள்ள சொல்லித் தொலைக்கலையே?

அப்பா: அது வந்து...

மகள்: சொன்னீங்களா!

அப்பா: எழுந்து வரும்போது ஒரே ஒரு வார்த்தை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னு. நோயாளிங்க போற லிஃப்ட் ஆச்சே.

மகள்: கடவுளே...

அப்பா: சரி, நீ மட்டும் உள்ள என்ன கிழிச்ச? எனக்கு முன்னாடி போனவ, எவ்வளவு நேரம் இருந்த!

மகள்: எந்தப் பிரிவுல டாக்டராகப் போறன்னு கேட்டாங்க.

அப்பா: சொல்லிட்டியா?

மகள்: சொன்னேன். முதியோர் மருத்துவம்னு.

அப்பா: சிரிச்சாங்களா?

மகள்: ஏன் சிரிக்கணும்?

அப்பா: உங்க மாமா சிரிச்சாரே. கிழடுகட்டைங்களைப் பார்த்து என்னத்தைச் சம்பாதிப்பேன்னு.

மகள்: அவருக்கு அவர் ஸ்கேன் சென்டர் ஓடணும். பாக்கி ஃபீஸை எல்லாம் நான் கட்டறேன், நீ ஸ்கேன் பார்க்கற படிப்பைப் படி, பத்து வருஷம் என் சென்டர்ல உட்காருன்னு...

அப்பா: தப்பா பேசாதே. நல்ல மனசோடதான் சொன்னார். அம்மாவோட கூடப் பிறந்தவர்.

மகள்: தப்புன்னு யார் சொன்னா? எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேசணும்பா. வார்டுல ஒரு பெரியவர் இருக்கார். யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுவார். நான் போனா மட்டும் கட்டில்ல நகர்ந்து இடம் விடுவார். நீ வந்து பேசினாலே போதும், மாத்திரையே வேண்டாம்பார்.

அப்பா: மாத்திரையே வேண்டாம்னா டாக்டர் பிழைப்பு எப்படி ஓடும்?

மகள்: போங்கப்பா. உங்க முழங்காலைத்தான் முதல்ல பார்க்கப் போறேன்.

அப்பா: ஓசியா?

மகள்: சொன்ன பேச்சைக் கேட்டா ஓசி. மாடிப்படி ஏறினா டபுள் ஃபீஸ்.

அப்பா: லிஃப்ட் ரிப்பேர்காரன் மாடிப்படி ஏறாம? லிஃப்ட் நின்னு போனாத்தானே என்னையே கூப்பிடறான்!

மகள்: சிரிக்காதீங்க. கிடைக்கலைன்னா...

அப்பா: கிடைக்கலைன்னா என்ன, குடியா முழுகிடும்? மாமா இருக்கார்.

மகள்: ஆமா... மாமா இருக்கார்.

அப்பா: லிஃப்டையே நாங்க ஒத்தைக் கயித்துல தொங்க விடமாட்டோம். அஞ்சாறு கயிறு போட்டுத்தான் விடுவோம்.

மகள்: அதானே.

அப்பா: ஆனா ஏன் உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?

மகள்: ஏசி.

அப்பா: இந்த வராந்தாவுல ஏது ஏசி? ஃபேனே ஓடல.

மகள்: உங்களுக்கு ஏன் சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு?

அப்பா: அதான் சொன்னேனே, ஃபேன் ஓடலைன்னு.

மகள்: ஷ்... கதவு திறக்குது. எழுந்திருங்க. அவங்களேதான் வர்றாங்க.

டாக்டரம்மா: உட்காருங்க, உட்காருங்க. ஐயா, உங்க லிஃப்டுக்கு ஆள் வரச் சொல்லியாச்சு.

அப்பா: ரொம்ப நல்லதுங்க.

டாக்டரம்மா: ஏம்மா, நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க? உனக்குக் கிடைச்சாச்சு. ரெண்டு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாமே. திருப்பித் தர வேண்டாம். ஒழுங்கா பாஸ் பண்ணினா போதும்.

மகள்: மேடம்... நிஜமாவா? அப்பா உள்ள வந்து, ஒரு குறையும் இல்லைன்னு...

டாக்டரம்மா: சொன்னார். நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அவர் சம்பளச் சீட்டு எங்க முன்னாடிதான் இருக்கு. அப்ப எதுக்குங்க வந்தீங்கன்னு கேட்டேன். அவர் சொன்னதை உங்கிட்டச் சொல்லலையா?

மகள்: ஞாபகம் இல்லைன்னார்.

அப்பா: அதெல்லாம் எதுக்குங்க இப்ப...

டாக்டரம்மா: "இருக்கறதை வச்சு வாழறதுல எனக்குக் குறையில்லீங்க. ஆனா கடன்பட்டுப் படிச்சா, இவ என்ன டாக்டராகணும்னு கடன் கொடுத்தவங்க முடிவு பண்ணுவாங்க. இவ பெரியவங்களைப் பார்த்துக்கணும்னு ஆசைப்படறா. அந்த ஆசைக்காகத்தான் கை நீட்டறேன்"னார். அதுக்கு மேல நாங்க என்னத்தைக் கேக்கறது?

மகள்: அப்பா...

டாக்டரம்மா: எங்களுக்கும் வயசாகிட்டு வருதும்மா. சீக்கிரம் படிச்சு முடி. வர்றேன், அடுத்த பையன் காத்திருக்கான்.

அப்பா: வாங்கம்மா... ரொம்ப நன்றிங்க...

மகள்: என்னப்பா, அழறீங்களா?

அப்பா: வேர்வை.

மகள்: கண்ணுலயா வேர்க்கும்?

அப்பா: சந்தோஷமா இருக்கு பாப்பா. நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அம்மாவுக்கு போன் போடு. நீயே சொல்லு.

மகள்: ...அம்மா? கிடைச்சுடுச்சும்மா! ...ஆமாம்மா, எல்லாமே! ...இல்ல, அப்பா நல்லாத்தான் பேசினார், ரொம்ப நல்லா... சரி, வைக்கிறேன்.

அப்பா: என்ன சொல்றா?

மகள்: கத்தின கத்துல காது அடைச்சுப் போச்சு. மாமாவுக்கும் உடனே சொல்லணுமாம்.

அப்பா: சொல்லிக்கலாம்... அவசரம் என்ன?

மகள்: பணம் வேண்டாம்னு சொல்லணுமே. நீங்கதான் சொல்லணும், உங்க மச்சான்.

அப்பா: நீயே சொல்லேன், உன் மாமா.

மகள்: பெரியவங்க சொன்னாத்தான் பக்குவமா இருக்கும்.

அப்பா: சாயங்காலம் பார்த்துக்கலாம்னு சொல்றேனில்ல?

மகள்: அப்பா... ஒண்ணு சொல்வேன். திட்டக் கூடாது.

அப்பா: சொல்லு.

மகள்: நேத்தே மாமா வீட்டுக்குப் போய் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

அப்பா: நேத்தேவா? முடிவு தெரியறதுக்கு முன்னாடியேவா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? இது கிடைக்காமப் போயிருந்தா நடுத்தெருவுலதானே நின்னிருப்போம்? யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?

மகள்: இதையேதான்பா மாமாவும் கேட்டார்... "உங்கப்பா போன வாரமே வந்து வேண்டாம்னு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டார், நீயும் வந்து அதையே சொல்றியே, வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையா?"ன்னு.